தெருமுனையில் மூட்டும் தீயை நிறுத்துங்கள்: ஏலாக்குறிச்சி வீடுகளுக்கு ஒரு மடல்



விளக்கு வைக்கும் நேரத்தில் நம் தெருக்களில் எழும் புகையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அந்தப் புகையை நீங்கள் எல்லாரும் பார்க்கிறீர்கள். பலர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறீர்கள். வாசல் பெருக்கிச் சேர்த்த சருகு, அதோடு பால் கவர், எண்ணெய் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், பிள்ளை தின்று போட்ட சிப்ஸ் உறை, அறுந்த செருப்பு, உடைந்த பைப் துண்டு எல்லாவற்றையும் ஒரே குவியலாகத் தள்ளி, தீக்குச்சி கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போகிறோம். இடம் சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறோம். அந்தத் தீக்குச்சியைக் கிழிக்காதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன், பதிலுக்கு என்ன செய்யலாம் என்று முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தெருவோரத் தீயில் பிளாஸ்டிக் கண்ணுக்குத்தான் மறைகிறது. அந்தத் தீயின் சூடு அதை முழுதாக எரிக்கப் போதாது. அரைகுறையாகப் பொசுங்கிக் கரும்புகையாகக் கிளம்புகிறது. குவியலில் பி.வி.சி. கலந்திருந்தால் இன்னும் மோசம். உடைந்த குழாய், ஒயர் உறை, ரெக்சின், காதுகுத்துக்கும் கருமாதிக்கும் கட்டி அவிழ்த்த ஃபிளெக்ஸ் பேனர் எல்லாம் அந்த வகைதான். அவற்றில் உள்ள குளோரினிலிருந்து டையாக்சின் என்ற நஞ்சு உருவாகிறது. டையாக்சின் குடும்பத்திலேயே கொடியதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. அது காற்றோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வரப்புப் புல்லிலும் வைக்கோல்போரிலும் படிகிறது. மாடு அதை மேய்கிறது. கொழுப்பில் தங்கும் நஞ்சு என்பதால் பாலுக்கு வருகிறது. சாம்பலைக் கிளறித் தின்னும் நாட்டுக்கோழியின் முட்டைக்கும் வருகிறது. சத்து என்று நம்பி நம் பிள்ளைகளுக்குத் தினமும் கொடுப்பது அந்தப் பாலும் முட்டையும்தானே?

நாம் அரியலூர் மாவட்டத்துக்காரர்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியைப் பற்றி இந்த மாவட்டத்தில் பேசாத டீக்கடை கிடையாது. மனு கொடுத்திருக்கிறோம், சாலையில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கோபம் நியாயமானது, அது ஆறவும் வேண்டாம். ஆனால் காற்றைக் கெடுக்காதே என்று ஆலையைப் பார்த்துச் சொல்லும் உரிமை நமக்கு முழுதாக இருக்க வேண்டுமானால், நம் தெருக்கோடியில் நாமே கெடுப்பதை நிறுத்தியாக வேண்டும். ஆலைக்குப் புகைபோக்கி உண்டு, வடிகட்டி உண்டு, கேள்வி கேட்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உண்டு. நம் தெருக்குவியலுக்கு எது உண்டு? அது எரியும் இடத்துக்குப் பத்தடி தூரத்தில் தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. நாம் எரிக்கும் இதே பால் கவரும் சிப்ஸ் உறையும் சென்னை போன்ற பெரிய ஊர்களிலிருந்து லாரி லாரியாக நம் மாவட்டத்துக்கு வருகின்றன. மறுசுழற்சிக்கு ஆகாது என்று கழிக்கப்பட்ட பிளாஸ்டிக்கைக் கட்டுக் கட்டாக அமுக்கி, நிலக்கரியோடு சேர்த்து எரிபொருளாக்க அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர்ப் பக்கம் போய் வருகிறவர்கள் அந்த ஆலைகளைத் தினமும் தாண்டுகிறீர்கள். அங்கே சூளைக்குள் கல் ஏறத்தாழ 1,450 டிகிரியில் வேகிறது. தீச்சுவாலையின் சூடு அதற்கும் மேல். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் சிதைந்துபோகிறது. புகையில் கிளம்பும் அமிலத்தைச் சூளைக்குள் இருக்கும் சுண்ணாம்பே பெருமளவு பிடித்துக்கொள்கிறது. மிஞ்சும் சாம்பல் சிமெண்டுக்குள் போய்விடுகிறது. எங்கோ தொலைவில் இருக்கிறவர்களின் கவர் நம் மாவட்டத்துச் சூளையில் முறையாக எரிகிறது. பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நம் வீட்டுக் கவர் தெருவில் கிடந்து புகைகிறது. இதைவிடப் பெரிய அநியாயத்தை நமக்கு நாமே செய்துகொள்ள முடியாது.

சூளையில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. சூளைப் புகையையும் கண்காணிக்க வேண்டும், அது ஆலைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களின் உரிமை. ஒரு ரூபாய் பாக்கெட்டில் அடைத்து விற்கிறவர்களுக்கு, அந்தப் பாக்கெட்டைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைச் சட்டமே வைத்திருக்கிறது. அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கும் சண்டையும் நமக்குப் பாக்கி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், வாங்குவதையே குறைக்க வேண்டும். ஆனால் இன்று காலை உங்கள் வீட்டில் கத்தரித்த பால் கவர் இன்று சாயங்காலம் எங்காவது போயாக வேண்டும். அதற்குத் தெருவைவிட நல்ல இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். சாலை போடவும் அது ஆகும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைத் துருவித் தாரோடு சேர்க்கும் முறையைக் கண்டு சொன்னார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் மகளிர் குழுக்கள் பிளாஸ்டிக் துருவி விற்கிறார்கள், அது சாலைக்குப் போகிறது.

சூளையோ சாலையோ, எதற்குப் போனாலும் ஒரே நிபந்தனைதான். பிளாஸ்டிக் காய்ந்திருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். குழம்பும் சோறும் ஒட்டி, ஈரத்தில் நாறி, மண்ணோடு புரண்டதை யாரும் வாங்க மாட்டார்கள். வண்டிச் சத்தம் கொடுத்து அனுப்பினாலும் திருப்பிவிடுவார்கள். ஆகவே இந்தக் காரியம் ஆலை வாசலிலோ ஊராட்சி அலுவலகத்திலோ தொடங்க முடியாது. உங்கள் அடுப்படியில்தான் தொடங்க முடியும்.

அடுப்படிக்குப் பின்னால் ஒரு காலத்தில் எருக்குழி இருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாணி, சாம்பல், காய்த் தோல், கழுநீர் கழித்த கசடு, கூட்டிய சருகு எல்லாம் அதில் விழும். கோடையில் குழியை வெட்டி வண்டி ஏற்றி வயலுக்கு அடிப்போம். ஒரு வண்டி எருவுக்கு அண்ணன் தம்பிக்குள்ளேயே சண்டை வந்த வீடுகள் உண்டு. இன்று குழி இருக்கிற வீட்டில்கூட அந்த எரு வயலுக்கு ஏறுவதில்லை. நாலு கூடை வெட்டினால் ஒரு கூடை கவர் வருகிறது. நிலத்தில் போட்டால் கலப்பையில் சிக்குகிறது, விதை முளைக்கும் இடத்தை மூடுகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூட்டை மூட்டையாக உரம் வாங்குகிறோம். காசு கொடுத்து வாங்கிய ஒரு பையால், காசில்லாமல் கிடைத்த எருவை இழந்தோம். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்கச் சொல்லும்போது அரசாங்கம் ஏதோ புதிதாகத் திணிக்கிறது என்று முகம் சுளிக்கிறவர்கள், நம் பாட்டிமார் எவரும் எருக்குழியில் கண்ணாடித் துண்டைப் போட்டதில்லை என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மாட்டையும் நினைத்துப் பாருங்கள். சோற்று வாசனைக்குக் கவரோடு விழுங்குகிறது. 2019 அக்டோபரில் சென்னையில் ஒரு பசுவின் வயிற்றைக் கால்நடை மருத்துவர்கள் அறுத்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். அது பட்டணத்து மாடு, அங்கே மருத்துவமனை பக்கத்தில் இருந்தது. நம் ஊரில் தீனி எடுக்காமல் வயிறு உப்பிச் செத்த மாடுகளை யார் அறுத்துப் பார்த்தோம்?

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். ஆனாலும் சொல்ல வேண்டும். காலையில் தள்ளுவண்டியோடு வருகிறார்களே தூய்மைக் காவலர்கள், அவர்களை நாம் நடத்தும் விதம் சரியில்லை. ஏறத்தாழ 150 வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் இந்த வேலைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். மாதச் சம்பளமாக அவர்கள் கையில் விழும் சில ஆயிரம், நம்மில் பலர் ஒரு மாதத்துக்குப் போனுக்கும் பெட்ரோலுக்கும் செலவழிப்பது. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், ஏன் அந்தத் தெருவிலிருந்து மட்டுமே இந்த வேலைக்கு வருகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் கட்டிக் கொடுக்கும் பையை அவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து கையால் பிரிக்கிறார்கள். அதற்குள் நேற்றைய மீன் செதில் இருக்கிறது. உடைந்த டியூப் லைட் இருக்கிறது. சர்க்கரைக்குப் போட்ட ஊசி மூடியில்லாமல் இருக்கிறது. குழந்தைக்குக் கட்டிய டயபர் இருக்கிறது, மாதவிலக்குத் துணி சுற்றப்படாமல் இருக்கிறது. நம் வீட்டு ஆண்கள் தொட அருவருக்கும் ஒன்றை, இன்னொரு வீட்டுப் பெண் தினமும் தொட வேண்டும் என்று எந்த நியாயத்தில் எதிர்பார்க்கிறோம்?

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. மக்குவது, மக்காதது, வீட்டில் விழும் ஆபத்தான கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது குப்பை உண்டாக்குகிறவரின் கடமை என்றன. நாப்கினையும் டயபரையும் நன்றாகச் சுற்றித் தரச் சொல்லின. தெருவிலும் பொது இடத்திலும் வாய்க்காலிலும் போடவோ, எரிக்கவோ, புதைக்கவோ கூடாது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பெண்ணின் கை கிழியக் கூடாது என்பதற்காக எழுதியிருக்கிறேன். அவரை வயதுக்குத் தக்கபடி அக்கா என்றோ அம்மா என்றோ கூப்பிடுங்கள். வெயிலில் நிற்கும்போது ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். அதையும் நம் வீட்டில் புழங்கும் சொம்பிலேயே கொடுங்கள்.

எரிக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? வண்டியில் போகிற போக்கில் வாய்க்காலிலோ கொள்ளிடக் கரையிலோ பையை வீசிவிட்டுப் போகிறார்கள். ஆறு கொண்டுபோய்விடும் என்ற தைரியம். எங்கே கொண்டுபோகிறது? மேட்டூர் நிரம்பி முக்கொம்பில் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிடும் ஆண்டுகளில் கரை நெடுகக் கிடப்பதெல்லாம் கிழக்கே போகிறது. நமக்குக் கீழே அணைக்கரையில் 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை நிற்கிறது. அங்கிருந்து வடவாற்றில் பிரிந்து வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது, வீராணத்திலிருந்து குழாயில் சென்னைக்குப் போகிறது. மீதி பழையாற்றுப் பக்கம் கடலில் விழுகிறது, அங்கே வலை போடுகிறவர்களின் வலையில் ஏறுகிறது. மேற்கேயிருந்து நமக்கு வரும் தண்ணீர் சுத்தமாக வர வேண்டும் என்று கேட்கிற நாம், கிழக்கே இருக்கிறவர்களுக்கு எதை அனுப்புகிறோம்? கொள்ளிடத்து மணலுக்குக் கீழே ஊறும் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் இது. மணல் அள்ளக் கூடாது என்று இந்தக் கரையில் போராடியவர்களும் உண்டு. அந்த மணலின் மேல் நாமே நாப்கினைப் போடுவது எப்படிப் பொருந்தும்?

வெளியூர்க்காரர்கள் போடுகிறார்கள் என்று சொல்வீர்கள். கொஞ்சம் உண்மைதான். நம் அடைக்கல மாதா கோயிலுக்குத் தவக்காலத்தில் நடந்து வருகிறவர்களும் திருவிழாவுக்கு வண்டி பிடித்து வருகிறவர்களும் தண்ணீர் பாட்டிலையும் தட்டையும் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டிலை விற்றது நம் கடை, அந்தத் தட்டில் சோறு போட்டது நம் பந்தல். இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி, வீரமாமுனிவராகி இங்கே அந்தக் கோயிலை எழுப்பி, இந்த ஊரின் மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். இன்றைக்கும் தேம்பாவணியும் சதுரகராதியும் படித்தவர்கள் அவர் வாழ்ந்த மண்ணைப் பார்க்கவென்றே வருகிறார்கள். கோயில் வளாகத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் கருகிய கவர்க் குவியல் அவர்கள் கண்ணில் படுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

கல்யாணம், காதுகுத்து, அன்னதானம் வைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பிளாஸ்டிக் பூசிய தட்டு, டம்ளர், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், கைப்பை என 14 பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்திருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் திருவையாற்றுப் பக்கம் வாழை குலை தள்ளி நிற்கிறது. இக்கரையில் நம் பந்தியில் இலை மாதிரி வெட்டிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு விருந்து வைக்கிறோம். வந்தவரை மதித்துப் போடுகிற சோறா அது? நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்னதாக ஊராட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதே 2016 விதிகளிலேயே இருந்தது. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் முன்பணம் கொடுக்கும்போதே இதையும் பேசி முடித்துவிடலாம்.

விலை இருக்கிற பொருள் தெருவில் கிடப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய இரும்பு, பித்தளை, அட்டை, பீர் பாட்டில் எதுவும் கிடக்காது, பழைய சாமான்காரர் வந்து எடுத்துப் போய்விடுவார். குவார்ட்டர் பாட்டில் மட்டும் வரப்பில் உடைந்து கிடந்து களையெடுக்கும் பெண்களின் காலைக் கிழித்தது. 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. அதே ஆண்டு பக்கத்துப் பெரம்பலூரிலும் வந்தது. பத்து ரூபாய் கையில் திரும்பி வரும் என்றவுடன் குடித்தவனே பாட்டிலைச் சுமந்து போகிறான். ஆனால் கவருக்கும் பாக்கெட்டுக்கும் விலை இல்லை. அதை எடுக்க யாரும் வர மாட்டார்கள். விலை இல்லாததை எடுத்து வைக்கும் பொறுப்பு மட்டும்தான் நம் தலையில் மிச்சம் இருக்கிறது. அதுவும் பெரிய பாரம் இல்லை. ஒரு வீட்டில் ஒரு மாதம் சேரும் கவரை எல்லாம் காயவைத்து அமுக்கினால் ஒரு சாக்கு நிறையாது.

நான் ஒருத்தி செய்தால் ஊர் மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஜப்பானில் கமிகாட்சு என்றொரு மலையூர் இருக்கிறது. இன்று 1,500 பேர்கூட இல்லாத, நம்மைவிடச் சின்ன இடம். அவர்களும் ஒரு காலத்தில் குப்பையைத் திறந்த குழியில் எரித்தவர்கள்தான். 2003-ல் இனி எரிப்பதும் புதைப்பதும் இல்லாமல் செய்வோம் என்று ஊராக உறுதி எடுத்தார்கள். இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். பக்கத்திலும் ஓர் ஊர் உண்டு. கேரளத்து ஆலப்புழையில் நகரத்துக் குப்பையை இனி எங்கள் ஊரில் கொட்டாதே என்று பக்கத்துக் கிராமத்தார் லாரியை மறித்தார்கள். வேறு வழியில்லாமல் 2012 முதல் நகரத்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு மக்க வைக்கத் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டும் ஊர்களில் ஒன்றானது. நம்மிடம் தோட்டம் இருக்கிறது, மாடு இருக்கிறது, வயல் இருக்கிறது. ஆலப்புழை நகரத்துக்காரர்களுக்கு இல்லாத வசதி இது. நமக்கு நாற்பது வகை வேண்டாம், மூன்று போதும்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள். நாளை காலை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய சிமெண்ட் சாக்கையோ உரச் சாக்கையோ ஆணியில் மாட்டுங்கள். பால் கவரைக் கத்தரிக்கும்போது மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் ஒட்டியபடி விடுங்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே கவரையும் அலசிக் கொடியில் போட்டுக் காய்ந்ததும் சாக்கில் போடுங்கள். காய்த் தோலும் மிச்சச் சோறும் மாட்டுக்கோ குழிக்கோ போகட்டும். ஊசி, பல்பு, பேட்டரி, நாப்கின் இவை தாளில் சுற்றித் தனியே நிற்கட்டும். சருகை எரிக்காமல் தென்னை மூட்டில் குவியுங்கள். குப்பைக்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் தீ வைக்காதீர்கள், அடுத்த வீட்டுக்காரர் வைத்தால் போய்ச் சொல்லுங்கள். சண்டையாகச் சொல்ல வேண்டாம், உறவாகச் சொல்லுங்கள்.

பிறகு கிராம சபைக்கு வாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நாற்காலியில் இருப்பது தலைவராக இருந்தாலும் தனி அலுவலராக இருந்தாலும், தீர்மானம் போட வேண்டியது நாம்தான். மாதத்தில் ஒரு நாள் ஊர் முழுவதும் காய்ந்த பிளாஸ்டிக் வாங்கும் நாளாக அறிவிக்கக் கேட்போம். அதை மழை படாமல் வைக்க ஒரு கொட்டகையும், ஒன்றியத்தின் மூலம் துருவும் குழுவுக்கோ சிமெண்ட் ஆலைக்கோ அனுப்பும் ஏற்பாடும் கேட்போம். தூய்மைக் காவலர்களுக்குக் கையுறையும் காலணியும் கிழியும்போதெல்லாம் புதிதாகத் தர வேண்டும் என்று நோட்டில் எழுத வைப்போம். வீட்டுக்கு ஒருவர், முடிந்தால் வீட்டுப் பெண்கள், அடுத்த கிராம சபையில் கையெழுத்துப் போட வாருங்கள். நான் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்
ஏலாக்குறிச்சி, திருமானூர் ஒன்றியம்